உள்ளே நான்கு அச்சு

நாற்பத்தொரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஸ்டேஷன் மாஸ்டர் அறை ஒரே திருகலில் திறந்துகொண்டது. துருப்பிடித்திருக்கும் என்று எண்ணெய்க் குப்பி, சுத்தியல் என்று மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். எனக்குச் சாதகமாக எது நடந்தாலும் அது நல்ல சகுனம்.

வெளியே எல்லாம் புதுசு. நடைமேடைக்குப் புதுக் கல், கூரைக்குப் புதுத் தகரம், வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் புதுத் தண்டவாளம். மாஸ்டர் அறையை மட்டும் ஒப்பந்தக்காரர்கள் யாரும் தொடவில்லை. உள்ளே ஒரு மேஜை, முதுகு உடைந்த நாற்காலி, சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் ஒரு வட்டத் தடம். ஈரக் கம்பளியின் வாடை அடித்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டேன். நடைமேடை, அதற்கப்பால் அரை மைல் நேர்ப்பாதை, அதன் முடிவில் குன்று, குன்றின் அடியில் சுரங்கத்தின் வாய். பிற்பகல் மூன்று மணிக்கே சூரியன் குன்றுக்குப் பின்னால் இறங்கிவிடும். அதற்குப் பிறகு நிலையம் நிழலில்தான் கிடக்கும்.

இந்த இடத்துக்கு வேறு யாரும் விரும்பி வரவில்லை. நான் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். காரணம் குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. என் மனைவி அந்தப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரே அவளை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறது. வம்புக்காக நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். பதிலுக்கு அவள் என்னை ‘மாஸ்டர்’ என்பாள். குன்றைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தால் ஐந்து மணி நேரம். ரயில் ஓடினால் சுரங்கம் வழியாக முப்பத்தைந்து நிமிஷம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. அவளுக்கும் வேலையை விட மனசில்லை, எனக்கும் மனசில்லை. இந்தப் பாதை திறந்தால்தான் எங்களுக்குக் குடும்பம் என்று ஒன்று உண்டு. மூடிய ரயில் பாதைகளை எல்லாம் மறுபடி திறக்கப்போகிறார்கள் என்ற செய்தியைப் படித்த அன்று இரண்டு பேரும் போனில் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சிக்னல்காரர் வந்து என் அறையில் ஒரு சிக்னல் பலகையை மாட்டி மின்சாரம் கொடுத்தார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். வேலை செய்யும்போது வாய் ஓயாது. அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே ஒற்றைப் பாதைதான். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் உள்ளே இருக்கலாம். அதனால் பாதையின் இரண்டு முனையிலும் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அது தன்னைத் தாண்டி உருளும் சக்கர அச்சுகளை எண்ணும். ஒரு ரயில் பெட்டிக்கு நான்கு அச்சு, எஞ்சினுக்கு ஆறு. உள்ளே போன அத்தனை அச்சும் வெளியே வந்துவிட்டால் என் பலகையில் பூஜ்யம் விழுந்து பச்சை எரியும். ஏதாவது மிச்சமிருந்தால் எத்தனை என்று எண் காட்டிச் சிவப்பு எரியும். சிவப்பு எரிகிறவரை அடுத்த வண்டியை உள்ளே விட முடியாது.

மின்சாரம் வந்ததும் சிவப்பு எரிந்தது.

எண் 4.

சிக்னல்காரர் சிரித்தார். யாரோ வாடகைக்குக் குடிவந்துவிட்டார்கள் என்றார். கம்பியை மாற்றினார், அட்டையை மாற்றினார், அணைத்துப் போட்டார். மறுபடியும் நான்கு. ஒரு மணி நேரம் கழித்து அவர் பேச்சு நின்றது.

“ஒரு பெட்டி, மாஸ்டர்” என்றார் மெதுவாக. “நாலு அச்சுன்னா ஒரு பெட்டி.”

அந்த ஒரு பெட்டியின் கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து வந்த சாயங்கால வண்டியின் கடைசி இணைப்பு சுரங்கத்துக்குள் அறுந்துவிட்டது. முன்பகுதி இங்கே வந்து நின்றது. கடைசிப் பெட்டி, உள்ளே இருந்த முப்பத்தேழு பேரோடு, இருட்டில் நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் வண்டி வந்தது என்று சும்மா சொல்லிவிட முடியாது. கடைசிப் பெட்டியின் முதுகில் ஒரு மஞ்சள் பலகை தொங்கும். மாஸ்டர் நடைமேடையில் நின்று அந்தப் பலகையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்துக்குப் ‘பாதை காலி’ என்று சொல்லலாம். அன்றைக்குக் கொட்டுகிற மழை. மாஸ்டர் வெளியே வரவில்லை. ஜன்னலிலிருந்து எஞ்சினைப் பார்த்துவிட்டுப் பாதை காலி என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து சரக்கு வண்டியை அனுப்பினார்கள். அத்தோடு பாதையை மூடினார்கள்.

சிக்னல்காரர் இதைச் சொல்லி முடித்தபோது மணி நாலரை. மேலதிகாரி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். விடிந்தால் முதல் வண்டி. பலகையைப் பூஜ்யமாக்க ஒரு வழி இருந்தது. என்னிடம் இருக்கும் சாவியைப் போட்டுத் திருகினால் எண் அழிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு படிவத்தில் ‘நானே நேரில் போய்ப் பார்த்தேன், பாதை காலியாக இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சுரங்கம் முழுக்க நடந்து பார்த்துவரக் குறைந்தது இரண்டரை மணி நேரம். புதுசாகப் போட்ட தண்டவாளத்தில், ஒரு சக்கரம்கூட இன்னும் உருளாத பாதையில், எந்தப் பெட்டி நிற்கப்போகிறது? இருட்டப்போகிற நேரத்தில் அந்த வாய்க்குள் நுழைய எனக்குப் பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்வதில் இனி என்ன வெட்கம்.

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். சாவியைத் திருகினேன்.

எண் அழிந்தது. பச்சை எரிந்தது.

அதே நொடியில் ஜன்னல் வழியாக ஒரு குளிர்ந்த காற்று வந்தது. ஈரக் கம்பளியும் நிலக்கரிப் புகையும் கலந்த வாடை. சுரங்கத்துப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வந்தது. கூச்சல் இல்லை, அழுகை இல்லை. வெகுநேரம் எதற்கோ காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம். சிக்னல்காரர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வண்டி ஓடியது. கொடி, மாலை, பேச்சு எல்லாம் இருந்தது. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நாலாவது பெட்டியிலிருந்து, இரண்டு பெரிய பையோடு, என் மனைவி இறங்கினாள். அங்கே இருந்த அறையைக் காலி செய்துவிட்டு வந்திருந்தாள். “மாஸ்டர், சாமான் எறக்க ஆள் கெடைக்குமா?” என்றாள். நானே இரண்டு பையையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் என் வாழ்க்கை. மற்றதெல்லாம் முன்னுரை, பின்னுரை. காலையில் அவள் ஏழு மணி வண்டிக்குப் போவாள். சாயங்காலம் ஐந்தரை வண்டியில் வருவாள். கடைசிப் பெட்டியில்தான் ஏறுவாள். அது நிற்கிற இடத்துக்கு எதிரேதான் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போகும் படி. சண்டை போட்டோம், கறிகாயை யார் நறுக்குவது என்று வாதம் பண்ணினோம், அவள் குறட்டையைப் பற்றி நானும் என் குறட்டையைப் பற்றி அவளும் புகார் சொன்னோம். ஆறு வருஷத்துப் பாக்கியை ஆறு வாரத்தில் தீர்த்துக்கொண்டோம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கடைசிப் பெட்டி சில்லென்று ஆகிவிடுகிறதாம். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள் வந்து உட்காருகிறாளாம், மடியில் நனைந்த குடையோடு. வெளியே வரும்போது இருக்கை காலி. முதலில் தான் கண்ணயர்ந்துவிட்டதாக நினைத்தாளாம். அன்றைக்கு முழித்துக்கொண்டே இருந்தாளாம்.

“ஏதாவது பேசினாளா?”

“ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. ‘மாஸ்டர் பாத்துட்டாராம்மா?’ன்னு.”

நாளையிலிருந்து முன் பெட்டியில் ஏறு என்றேன். அவள் சிரித்தாள். பிணங்களைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டு அனுப்புகிற வேலை பார்ப்பவளுக்கு இதென்ன பயம் என்றாள். அவர்கள் பயமுறுத்தவில்லை, கெஞ்சுகிறார்கள் என்றாள். நான் படிவத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

அந்த வாரம்தான் அதைக் கேட்டேன். ஐந்தரை வண்டி வந்துகொண்டிருந்தது. விதிப்படி நடைமேடையில் நின்றேன். எஞ்சின் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலாவதின் முதுகில் மஞ்சள் பலகை என்னைத் தாண்டிப் போனது. திரும்பி அறைக்குள் நுழையப் போனேன்.

மஞ்சள் பலகைக்குப் பின்னாலும் சக்கரச் சத்தம் கேட்டது.

டக்-டக். கொஞ்சம் இடைவெளி. டக்-டக்.

நான்கு அச்சு. ஒரு பெட்டி.

நான் திரும்பவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, ஈரக் கம்பளி வாடை என் முதுகைக் கடந்து போகிறவரை நின்றேன். பார்க்க முடியாமல் இல்லை. பார்க்கக்கூடாது என்றுதான் பார்க்கவில்லை. உள்ளே போனால் பலகையில் சிவப்பு. நான்குக்கு முன்னால் ஒரு கழித்தல் கோடு. உள்ளே போனதைவிட நான்கு அச்சு அதிகமாக வெளியே வந்திருந்தது.

இப்போது யோசித்தால் எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு மாஸ்டர் நடைமேடையில் நின்று அவர்களைப் பார்க்க வேண்டும். பார்த்தேன், வந்துவிட்டார்கள் என்று எழுத வேண்டும். எழுதினால்தான் அவர்களுக்குப் பயணம் முடியும். ஆனால் ஐந்தாவது பெட்டி ஒன்று வந்தது என்று எழுதினால் என்ன ஆகும்? பாதையில் கோளாறு என்று வண்டியை நிறுத்துவார்கள். விசாரணை, குழு, ஆறு மாதம், ஒரு வருஷம். நிறுத்தினதை மறுபடி ஓட்டுவார்கள் என்று என்ன உத்தரவாதம்? அவள் மறுபடி குன்றுக்கு அந்தப் பக்கம். நான் மறுபடி போனில் சிரிக்கிறவன்.

ஆகவே படிவத்தை எடுத்தேன். நானே நேரில் போய்ப் பார்த்தேன். பாதை காலியாக இருக்கிறது.

அந்த ஆறு வாரத்தில் பதினோரு தடவை அப்படி எழுதினேன். கடைசியில் கை தானாகவே எழுதப் பழகிவிட்டது. சிக்னல்காரர் ஒருநாள் என் எதிரே உட்கார்ந்து, எழுதிக் கொடுத்துவிடலாம் மாஸ்டர், நிறுத்திவைத்துப் பார்க்கட்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். மழை சீசன் வருவதற்குள் சரிசெய்துவிடலாம், இப்போது கிளப்ப வேண்டாம் என்று பூசி மெழுகினேன். அவர் கிளம்பும்போது கேட்டார்:

“வீட்ல அவங்க கடைசிப் பெட்டியிலதானே வர்றாங்க?”

அன்று இரவு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், பதினோரு கையெழுத்து, சுவரைப் பார்த்து நின்றது எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். நான் அவளுக்காகத்தான் செய்தேன் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததாலேயே அவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

“இத்தனை நாளா அவங்களைத் திருப்பி அனுப்பிட்டிருந்தது நீங்களா?” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. சீசனின் முதல் மழை. நாலே முக்காலுக்கு அந்தப் பக்கத்து நிலையத்திலிருந்து போன் பண்ணினாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல். கடைசிப் பெட்டியில் ஏறப்போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அந்த அம்மாளைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னாள். மற்றவர்களும் பின்னாலேயே வருவார்கள், வார்டில் ஒருத்தர் எழுந்து நடந்தால் எல்லாரும் நடப்பார்கள், எனக்குத் தெரியும் என்றாள்.

“நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க. வெளிய வந்து நில்லுங்க. கடைசி வரைக்கும் பாருங்க. கண்ணை மட்டும் மூடிடாதீங்க, என்ன?”

சரி என்றேன். சத்தியமாக என்றேன். பயணிகள் ரயில் போனால் போகட்டும், வேலை போனால் போகட்டும், இன்றைக்கு எழுதிவிடுவது என்று மனசார முடிவு பண்ணியிருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம். வண்டி உள்ளே நுழைந்தது. பலகையில் எண் 22. எஞ்சினுக்கு ஆறு, நாலு பெட்டிக்குப் பதினாறு. என் கண்ணால் பார்த்தேன். குடையில்லாமல் நடைமேடையின் ஓரத்தில் போய் நின்றேன். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. சுரங்கத்தின் வாய் மழைக்குப் பின்னால் கரும்புள்ளியாகத் தெரிந்தது. பகல்தான், ஆனாலும் விளக்கு போட வேண்டிய இருட்டு.

எஞ்சின் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு. அதன் வாசலில் அவள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். இன்னொரு கையால், நிழலில் நின்ற யாருடைய கையையோ பிடித்திருந்தாள்.

மஞ்சள் பலகைக்குப் பின்னால் அது வந்தது.

ஐந்தாவது பெட்டி. மரப் பெட்டி. விளக்கு இல்லை. ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. இத்தனை வருஷம் கழித்துப் பிள்ளையைப் பார்க்க வந்தவர்களின் முகம். பெட்டி என்னை நெருங்க நெருங்க அந்த முகங்களில் சரக்கு வண்டி என்ன செய்திருந்தது என்பதும் தெரிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு மூச்சு நேரம். சத்தியமாக அதற்கு மேல் இல்லை.

திறந்தபோது வண்டி நின்றிருந்தது. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதின் முதுகில் மஞ்சள் பலகை. அதற்குப் பின்னால் வெறும் தண்டவாளம்.

குவார்ட்டர்ஸ் படிக்கு எதிரே மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

ஓடினேன். மூன்று பெட்டியிலும் ஏறி இறங்கினேன். வண்டியின் கார்டு மூன்றாவது பெட்டியிலிருந்து இறங்கி வந்தார். நாலாவது பெட்டி எங்கே என்று அவர் சட்டையைப் பிடித்தேன். அது காலையிலேயே பழுது பார்க்கக் கழற்றிவிட்டார்கள் மாஸ்டர், இன்றைக்கு முழுக்க மூன்று பெட்டிதானே என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. வண்டி முழுசா வந்துடுச்சு, எழுதிக்குங்க என்றார்.

அறைக்கு வந்தேன். பலகையில் சிவப்பு.

எண் 4.

உலகத்தில் அந்தப் பெட்டி உண்டு என்று சொல்ல நானும் அந்த எண்ணும் மட்டும்தான் மிச்சம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்கு ஓடினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அன்றைக்குத்தான் செய்தேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறவரை நடந்தேன். பெட்டி இல்லை. ஜல்லி காய்ந்திருந்தது. ஆனால் நடுச் சுரங்கத்தில், இரண்டு பக்கத்து வெளிச்சமும் எட்டாத இடத்தில், பேச்சுச் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி, கையெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி. ஒரு குழந்தை இருமியது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். அப்புறம் அவள் குரல். நோயாளிகளிடம் பேசும் குரல், என்னிடம்கூட அவள் அப்படிப் பேசியதில்லை.

“எல்லாரும் கொஞ்ச நேரம் படுங்க. மாஸ்டர் நம்மளைப் பாத்துட்டாரு. நடைமேடையில நின்னுட்டிருந்தாரு, நான் பாத்தேன். வண்டி அனுப்புவாரு.”

கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன், சுவரில் கையால் அடித்தேன், தலையால் அடித்தேன். அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு அடங்கி, பல பேர் தூங்கும் மூச்சு மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆறே காலுக்குக் கிளம்ப வேண்டிய ஒரு சரக்கு வண்டி அந்தப் பக்கம் காத்து நின்றது. பலகையைச் சரிசெய்யச் சொன்னார்கள். முடியாது என்றேன். பாதையில் ஆள் இருக்கிறார்கள் என்றேன். இரண்டு மணி நேரத்தில் அதிகாரி ஜீப்பில் வந்தார், சிக்னல்காரரையும் ஒரு புது மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். சிஸ்டர் நாலரைக்கே கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். அந்தப் பக்கத்து நிலையத்தில் அவள் ஏறியதை யாரும் பார்த்திருக்கவில்லை. அதிகாரி என் தோளில் கை போட்டார்.

“வீட்ல ஏதாவது சண்டையாப்பா?”

என் பதினோரு படிவத்தையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தார்கள். இந்தக் கருவிக்கு நான்கு நான்கு என்று சொல்வதே வேலை, ஒவ்வொரு தடவையும் நீயே போய்ப் பார்த்துப் பாதை காலி என்று எழுதியிருக்கிறாயே, இன்றைக்கு மட்டும் என்ன என்று கேட்டார்கள். அதெல்லாம் பொய் என்றேன். பொய் எழுதினவன் பேச்சை எப்படி நம்புவது என்று அதிகாரி அமைதியாகக் கேட்டார். நியாயமான கேள்வி. சிக்னல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

புது மாஸ்டர் மரியாதையான ஆள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார். மழையில் வேண்டாம், அதுதான் இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாரே, பெட்டி இல்லை என்று இவரே சொல்கிறாரே என்றார் அதிகாரி. புது மாஸ்டர் எழுதினார். நானே நேரில் போய்ப் பார்த்தேன். பாதை காலியாக இருக்கிறது. இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டிருக்க, சாவியைத் திருகினார்.

பச்சை எரிந்தது.

சரக்கு வண்டி அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது. சுரங்கத்துக்குள் அதன் இரைச்சல் நுழைந்த சமயத்தில் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவளிடமிருந்து ஒரு செய்தி.

‘நீங்க அனுப்பின வண்டி வந்துடுச்சு போல. பின்னாடி வெளிச்சம் தெரியுது. எல்லாரையும் எழுப்பிட்டேன்.’

இறங்கி ஓடு என்று பதில் அடித்தேன். போகவில்லை. மறுபடி அடித்தேன். போகவில்லை. குன்றுக்குள்ளிருந்து மெல்லிய ஓர் அதிர்வு கால் வழியாக ஏறியது. சரக்கு வண்டி எங்கும் நிற்காமல் வெளியே வந்தது. ஓட்டுநர், ஏதோ கல் தட்டின மாதிரி இருந்தது என்றாராம். பலகை பூஜ்யம் காட்டியது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஆகிவிட்டது. வேலை போய்விட்டது. மனைவி விட்டுவிட்டுப் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். டீக்கடையில் எனக்காக மனசிரங்குகிறார்கள். இரண்டு தடவை தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தேன், போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது நிலையத்து வேலிக்கு எதிரே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பயணிகள் வண்டியில் கூட்டம் நிரம்பி வழிகிறது. பாதை நன்றாக ஓடுகிறது, இன்னும் இரண்டு வண்டி விடப்போகிறார்களாம்.

போனை நான் அணைத்து வைப்பதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வண்டியும் சுரங்கத்துக்குள் நுழையும்போது அதே செய்தி வருகிறது, எழுத்து மாறாமல். இன்றைக்கு இதுவரை மூன்று முறை வந்துவிட்டது. ஆறே காலுக்கு இன்னும் ஒரு சரக்கு வண்டி இருக்கிறது.